அலை ஓயாது, கடையைப் பூட்டலாம்

சங்கத் தலைவர் அவர்களே, மாலை போட்டு என் சட்டையை நனைத்துவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் கவுன்சிலர் அம்மையார் அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த கோயில் அறங்காவலர்களே, பெயர் விடுபட்ட பெரியோர்களே, வணக்கம்.

இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரை ஊரான பிளாக்பூல் எழுந்த கதை, விழுந்த கதை, இனி எழும் வழி என்று மூன்று விஷயம் பேச வந்தேன். வரவேற்புரையே பத்து நிமிடத்தைத் தின்றுவிட்டது.

"அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது" என்று என் அப்பாச்சி சொல்லுவா. முன்பே கேட்டவர்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இன்றைக்கு உண்மையிலேயே கடற்கரைப் பேச்சுத்தான்.

அந்த ஊருக்கு 1846இல் ரயில் வந்தது. 1885இல் டிராம். 1894இல் 518 அடிக் கோபுரம். பாரிஸில் ஐஃபெல் கோபுரத்தைப் பார்த்துவந்த மேயர் பிக்கர்ஸ்டாஃப் முன்னின்று கட்டியது. ஆனால் ஊரை நிறைத்தது இரும்பல்ல, லீவு. அதைச் சுற்றியுள்ள லங்காஷயர் மாவட்டத்துப் பஞ்சாலை ஊர்களில் 'வேக்ஸ் வாரம்' என்று ஒன்று. ஓல்டமுக்கு ஒரு வாரம், பர்ன்லிக்கு வேறொரு வாரம் என்று முறைவைத்து மில்லைப் பூட்டுவார்கள், ஊரே ரயிலேறும். சம்பளம் கிடையாது. வாராவாரம் சேர்த்து வைத்த காசுதான். சம்பளத்தோடு லீவு என்ற சட்டமே 1938இல்தான் வந்தது.

போன வருஷம் பிளாக்பூலுக்கு விளக்கு அலங்காரம் பார்க்கப் போனோம். மழை. டிராம் தரிப்பிடத்தில் ஒதுங்கினோம். எங்களோடு வந்த அக்கா ஒருவர் புளிச்சோற்றையும் ஊறுகாய்ப் போத்தலையும் எடுத்தா. பக்கத்தில் ஓல்டம் கிழவர் ஒருவர். பார்த்துவிட்டுத் தன் அம்மம்மாவின் கதையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் இறைச்சி, முட்டையைத் தாங்களே வாங்கி விடுதிக்காரியிடம் கொடுப்பார்களாம். அவ சமைத்துத் தருவா. படுக்கைக்கு ஒரு கணக்கு, மேசையில் இருக்கும் உப்பு-மிளகுச் சிமிழுக்குத் தனிக் கணக்கு! அம்மம்மா விடுவாவா? வீட்டிலிருந்தே உப்பைக் கடதாசியில் மடித்துக்கொண்டு போனா. கடைசி நாள் பில்லில் உப்புக் காசு. மிச்ச உப்பை விரித்துக் காட்டினா. "என் மேசையில் வைத்துத்தானே தூவினாய்?" என்றாளாம் விடுதிக்காரி. எங்கள் அக்கா உடனே, "இதற்குக் காசில்லை" என்று ஊறுகாயை நீட்டினா. ஒரு துண்டை வாயில் போட்ட கிழவர், இரண்டு டிராம் போகும்வரை பேசவேயில்லை.

விழுந்த கதையைச் சுருக்குகிறேன். மில்கள் மூடின, ஸ்பெயினுக்கு மலிவாக விமானம் பறந்தது, 1964இல் சென்ட்ரல் ரயில் நிலையத்தையும் மூடினார்கள். விடுதிகள் ஒற்றை அறை வாடகை வீடுகளாயின. 2019 அரசுக் கணக்கில் இங்கிலாந்தின் மிக வறிய பத்து வட்டாரங்களில் எட்டு அங்கே. மீதியைக் கவுன்சிலர் அம்மையார் என்னைவிட நன்றாகச் சொல்லுவா.

நான் கேட்பது வேறு. இங்கிலாந்தில் நாம் நடத்தும் கடைகள் காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பதினொன்றுக்குப் பூட்டுகின்றன. "யாவாரம் கொஞ்சம் நிமிரட்டும், பிறகு லீவு" என்கிறீர்கள். அலை எப்போது ஓய்வது, ஐயா? மில் முதலாளிக்கே முடிந்தது; ஒரே தெருவில் நான்கு கடை வைத்திருக்கும் நாம் முறைவைத்து ஒரு வாரம் பூட்ட முடியாதா? கவுண்டரில் நிற்கும் பெடியனுக்கு வருஷத்தில் 5.6 வாரம் சம்பளத்தோடு லீவு என்பது சட்டம். அவன் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

தலைவர் மணி அடிக்கிறார். மூன்றாவது விஷயம் அடுத்த முறை. வாசல் மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். எந்த வாரம் பூட்டுவீர்கள் என்று கடைப் பெயருக்கு நேரே எழுதுங்கள். முதல் வரியில் என் தம்பியின் கடை இருக்கிறது, வாரம் மட்டும் இன்னும் எழுதவில்லை. அவர் பின்வரிசையில்தான் இருக்கிறார்.