எரிப்பதற்கு முன் ஒரு படம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரை நல்கிய செயலாளர் அவர்களே, எனக்கு முன் கரையானின் வாழ்க்கையை அழகாக எடுத்துரைத்து அமர்ந்திருக்கும் பூச்சியியல் பேராசிரியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து இந்த அவைக்குப் பெருமை சேர்க்கும் தச்சுக்கலைப் பெரியவர்களே, கேமராவும் கையுமாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். தச்சர் பெருமக்களை இந்த மேடைக்கு அழைக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் நம் தலைவர்தான். அதற்காக அவருக்குத் தனியே ஒரு நன்றி.

செல்லரித்த மரத்தை அண்மையில் படம் எடுப்பது எப்படி என்பது எனக்குத் தந்த தலைப்பு. ஒளி, ஆழம், நிறம் என்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். மூன்றுக்கும் அடியில் ஒரே பழமொழிதான்: அகல உழுவதை விட ஆழ உழுவதே மேல். ஒரு வீட்டு வாசல் நிலை முழுவதையும் ஒரே படத்தில் அடக்கப் பார்க்காதீர்கள். அதில் ஒரு விரற்கடை இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு நகரமே இருக்கிறது.

முதலில் எதைப் பார்க்கிறோம் என்று தெரிய வேண்டும். தமிழில் ‘செல்லரித்தது’ வேறு, ‘உளுத்தது’ வேறு. செல் என்றால் கரையான். உளு என்பது மரத்தைத் துளைக்கும் வண்டுப்புழு. மரத்தில் வட்டமான சிறு துளையும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் அது வண்டின் வேலை. நிலத்தடிக் கரையான் அப்படிச் செய்யாது. அது வளர்வளையத்தின் மென்மையான பகுதியைத் தின்றுவிட்டுக் கடினமான பகுதியை விட்டுவிடும். அதனால் மரம் நார் ஓடும் திசையிலேயே ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கும், இடையில் மண் அப்பியிருக்கும். உலர்மரக் கரையான் இன்னொரு வகை. அது மண் கொண்டுவருவதில்லை. அதன் அறைகள் வழுவழுப்பாக இருக்கும், நாரை வெட்டிக்கொண்டு குறுக்கேயும் போகும். அது வெளியே தள்ளும் எச்சம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மணிகள். அந்த மணியை லென்ஸில் பாருங்கள்: ஆறு பக்கம், ஒவ்வொரு பக்கமும் லேசாக உள்வாங்கியிருக்கும், முனை மழுங்கியிருக்கும். கரையான் தன் குடலின் கடைசிப் பகுதியில் ஈரத்தை உறிஞ்சிப் பிழிந்துவிடுவதால் வரும் வடிவம் இது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். படம் சுத்தமாக வர வேண்டும் என்று முதல் வேலையாகக் காற்றடித்துத் தூசியை ஊதிவிடுகிறார்கள். அந்த மணிகளும் மண் திட்டும்தான் குற்றவாளியின் கைரேகை! முதல் படத்தைக் கண்டது கண்டபடி எடுங்கள். பிறகு மென்மையான உலர்ந்த தூரிகையால் ஒதுக்கி இரண்டாவதை எடுங்கள். மருந்தடித்த மரமாக இருக்கலாம் என்பதால் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். தாங்கி நிற்கும் உத்திரத்தில் சாய்ந்துகொண்டு படம் எடுக்காதீர்கள்.

இனி ஒளி. கேமராவின் நேர் பிளாஷ் இந்த வேலைக்கு ஆகாது. பள்ளத்துக்குள்ளும் மேட்டிலும் ஒரே மாதிரி வெளிச்சம் விழுந்தால் எல்லாம் தட்டையாகிவிடும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்துங்கள், மரப்பரப்புக்கு 15 டிகிரி. அந்தக் கோணத்தில் ஒரு மில்லிமீட்டர் மேடு கிட்டத்தட்ட 3.7 மில்லிமீட்டர் நிழல் போடும். விளக்கை 60 டிகிரிக்கு ஏற்றினால் அதே மேட்டுக்கு அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய நிழல்தான். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே ஒளி வர வேண்டும். நாரோடு சேர்ந்து வந்தால் ஏடுகள் மறைந்துபோகும். நிழல் மிகக் கறுத்தால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையைக் காட்டுங்கள். அட்டையைக் கிட்டே கொண்டுவரக் கொண்டுவரப் பள்ளத்தின் சுவர் தெரியத் தொடங்கும். தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். இன்னும் கிட்டே போனால் நிழலே செத்துவிடும்.

அடுத்தது ஆழம். அகல உழுவதை விட ஆழ உழுவதே மேல் என்பதை மிக அண்மையில் படம் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வேறு எதையும் விட நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸில் ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது பொருள் தன் உண்மை அளவிலேயே சென்சாரில் பதியும்படி எடுக்கும்போது, அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துவாரத்தை, எஃப்/8 வைத்தால் கூர்மையாகத் தெரியும் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அரித்த பள்ளமோ 10, 12 மில்லிமீட்டர் போகும். உடனே அப்பர்ச்சரை எஃப்/22க்கு மூடத் தோன்றும். மூடாதீர்கள். ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப்/22 என்பது உண்மையில் எஃப்/44 போல நடந்துகொள்ளும். ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதும் மங்கிவிடும். எஃப்/8லேயே இருந்துகொண்டு ஃபோகஸ் ரெயிலில், அதாவது கேமராவை நுணுக்கமாக முன்னும் பின்னும் தள்ளும் சட்டத்தில், அரை மில்லிமீட்டராக நகர்த்துங்கள். 12 மில்லிமீட்டர் பள்ளத்துக்கு, முன்னும் பின்னும் இரண்டு மூன்று உபரியாகச் சேர்த்து, 30 படம். பிறகு ஒவ்வொன்றிலும் கூர்மையான பகுதியை எடுத்து மென்பொருளில் ஒரே படமாக அடுக்கிக்கொள்ளலாம்.

முக்காலி வேண்டும், ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100 வேண்டும், ஷட்டருக்கு 2 விநாடி தாமதம் வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஏனென்றால் காகிதம் போல மெலிந்த அந்த ஏடு மூச்சுக்காற்றுக்கே ஆடும். ஏடு ஆடினால் அடுக்கிய படத்தில் அதற்கு இரட்டை விளிம்பு வரும். உயிருள்ள கரையான் நடமாடும் இடத்தில் அடுக்கும் வேலையே வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் அது ஒவ்வோர் இடத்தில் நிற்கும், கடைசியில் ஆவி போன்ற கறைதான் மிஞ்சும். அங்கே பிளாஷைப் பக்கவாட்டில் வைத்து ஒரே படமாக எடுங்கள்.

இப்போது ஒரு கதை. 1840 வாக்கில் நடந்தது. அட்லாண்டிக் கடலின் தென்பகுதியில் செயின்ட் ஹெலினா என்று ஒரு சிறு தீவு. நெப்போலியனைச் சிறை வைத்தார்களே, 1821இல் அவர் உயிர் விட்டாரே, அதே தீவு. படையாலும் பீரங்கியாலும் ஐரோப்பாவை நடுங்க வைத்தவரைக் காவல் காத்த தீவு அது. அங்கே ஒரு கப்பல் வருகிறது. அடிமைகளை ஏற்றிச் சென்றபோது பிடிபட்ட கப்பல். ஜேம்ஸ்டவுன் நகரில் அதை உடைத்து, கட்டைகளைக் கரையில் போட்டார்கள். பிரித்த கட்டைதானே, அதற்குள் என்ன இருக்கப்போகிறது என்று யாரும் உள்ளே பார்க்கவில்லை. உள்ளே கரையான் இருந்தது. ஓசை இல்லை, கொடி இல்லை, பீரங்கி இல்லை. சில ஆண்டுகளில் ஊர் முழுவதும் பரவியது. வெளியே வண்ணம் பூசிய கதவு அப்படியே நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கூரை இறங்கியது, தளம் இறங்கியது. நிலநடுக்கம் வந்த ஊர் போல ஆயிற்று என்று 1875இல் அந்தத் தீவைப் பற்றி நூல் எழுதிய ஜான் சார்ல்ஸ் மெலிஸ் பதிவு செய்திருக்கிறார். பொது நூலகத்தையும் விடவில்லை, அதிலும் சமய நூல்களைத்தான் நிறையத் தின்றன என்கிறார். பேரரசனைச் சிறை வைத்த தீவால் ஒரு பூச்சியைத் தடுக்க முடியவில்லை, பெரியோர்களே!

ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அதாவது அந்தக் கட்டைகள் கரை இறங்கிய காலத்தில் கேமரா கைக்குழந்தை. அவர்கள் படம் எடுத்து வைக்கவில்லை என்று நாம் குறை சொல்ல முடியாது. இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கேமரா இருக்கிறது. இருந்தும் என்ன செய்கிறோம்? செல்லரித்த நிலையைக் கழற்றியதும் முற்றத்தில் போட்டு எரித்துவிடுகிறோம். எந்த வகைக் கரையான், எந்தப் பக்கமிருந்து ஏறியது, நடுவிலுள்ள வைரத்தைத் தொட்டதா, வெளிப்புற வெளிறோடு நின்றதா என்ற அத்தனை சாட்சியும் அரை மணி நேரத்தில் சாம்பல். புதுக் கட்டையை அதே இடத்தில் வைக்கிறோம், அதே வழியாகக் கரையான் மறுபடி ஏறுகிறது.

அதனால் நான் எங்கே பேசினாலும் கேட்பதை இங்கும் கேட்கிறேன். எரிப்பதற்கு முன் நான்கு படம். மரம் இருந்த இடத்திலேயே, தரையும் சுவரும் தெரிய ஒன்று. கழற்றிய பிறகு அரித்த முகம் ஒன்று, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோலோடு. அளவுகோலை அரித்த பரப்பின் மட்டத்திலேயே வையுங்கள். மேலே தூக்கி வைத்தால் அது கேமராவுக்குக் கிட்டே வந்து அளவு பொய்யாகிவிடும். தாழ்ந்த ஒளியில் அண்மைப் படம் ஒன்று. நான்காவது குறுக்குவெட்டு: வெட்டும் இடத்தைக் காகித ஒட்டுநாடாவால் இறுகச் சுற்றுங்கள், பல் நெருங்கிய ரம்பத்தால் மெதுவாக அறுங்கள். சுற்றாமல் அறுத்தால் ஏடுகள் உதிர்ந்துவிடும். வெட்டுமுகத்தில் சேரும் ரம்பத்தூளைத் தட்டிவிடுங்கள். இல்லையென்றால் பின்னால் பார்ப்பவர் அதை வண்டின் தூள் என்று நினைப்பார். ஈரக் கட்டையாக இருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். காய்ந்தால் மண் வெடித்து உதிரும், மரமும் சுருங்கும். படத்தின் பெயரிலேயே தேதி, மர வகை, தரையிலிருந்து உயரம் மூன்றையும் எழுதிவிடுங்கள்.

தச்சர் பெருமக்களிடம் தனியாக ஒரு விண்ணப்பம். உளி வைக்கும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். ஒரு சாண் துண்டை உறையில் கட்டி ஓரமாக வையுங்கள். ஆனால் கட்டும் முன் உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் படம் எடுத்ததோடு சரி, அந்தத் துண்டைச் சேர்த்து வைக்க வேண்டாம், செயின்ட் ஹெலினா போதும் நமக்கு. நூறு வீட்டுக்கு நூறு மங்கலான படம் எடுப்பதை விட ஒரே கட்டையை நான்கு படத்தில் முழுதாகச் சொல்லுங்கள். அகல உழுவதை விட ஆழ உழுவதே மேல்.

நிறம் பற்றியும் சொல்வதாகச் சொன்னேன், நேரம் இல்லை. முதல் படத்தில் ஒரு சாம்பல்நிற அட்டையை வைத்துக்கொள்ளுங்கள், அது இருந்தால் பழுப்பைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். கைபேசி வைத்திருப்பவர்களும் தயங்க வேண்டாம். லென்ஸை ஒட்டிக் கொண்டுபோகாமல் சற்றுத் தள்ளி நின்று பெரிதாக்குங்கள், விளக்கை மட்டும் தாழ்த்திப் பிடியுங்கள்.

அதோ, பக்க மேசையில் மூன்று துண்டுகள் இருக்கின்றன, மூன்றும் நன்றாகக் காய்ந்தவை, உயிர் இல்லாதவை. ஒன்று நிலத்தடிக் கரையான் தின்றது, ஒன்று உலர்மரக் கரையான், ஒன்று உளு. எது எது என்று எழுதி வைக்கவில்லை. தலைவர் அனுமதி தந்தால் அரங்க விளக்கை அணைக்கச் சொல்கிறேன். டார்ச் வைத்திருப்பவர்கள் முன்னே வாருங்கள். மேலிருந்து அடிக்காதீர்கள், பக்கத்திலிருந்து, 15 டிகிரியில்.

நன்றி, வணக்கம்.