சன்ஷேடு வெடித்தால் உடனே பூசிவிடாதீர்கள் | கடலோர வீட்டுச் சோதனை

வணக்கம் மக்களே. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் ஒரு வீட்டின் பின்பக்கம் நிற்கிறேன். கடல் கூப்பிடு தூரம்தான், காற்று மைக்கில் இரையும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வீடு வாங்கப் போகிற ஒருவர் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டார். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் படம் பிடிக்கிறேன். எந்தத் தெரு என்பதெல்லாம் நமக்கு வேண்டாம்.

கேமராவை மேலே தூக்குகிறேன். ஜன்னல் சன்ஷேடு. மேல்பக்கம் புதுப் பெயிண்ட், பளிச்சென்று இருக்கிறது. இப்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். ரூல் தடி வைத்துக் கிழித்த மாதிரி நேராக ஒரு வெடிப்பு, அதை ஒட்டிப் பழுப்புக் கறை. சுத்தியலால் மெதுவாகத் தட்டுகிறேன். இங்கே கணீர். இங்கே டொக். அந்த டொக் சத்தம் வருகிற இடமெல்லாம் காங்கிரீட் கம்பியை விட்டு விலகிவிட்டது.

வெடிப்பின் போக்கே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். சிலந்தி வலை போல மேலோட்டமாகப் பரவியிருந்தால் பெரும்பாலும் பூச்சுக் காய்ந்த விரிசல், அதற்குத் தூக்கம் கெட வேண்டாம். செங்கல் வரிசையைப் பின்பற்றிப் படிக்கட்டாக இறங்கினால் அஸ்திவாரத்தைச் சந்தேகப்படுங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் நீண்டிருக்கிறதா பாருங்கள். கம்பி ஓடுகிற திசையிலேயே நேராக வந்தால் அது துரு. நம் கரையில் நான் அதிகம் பார்ப்பது இந்த மூன்றாவது வகைதான்.

காரணம் உப்பு. சிமெண்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். காற்றில் வருகிற உப்பு காங்கிரீட்டுக்குள் ஊறி ஊறிக் கம்பியை எட்டியதும் அந்தப் படலம் உடைகிறது. துரு, தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது.

சரி, மழையில் நனைகிற மேல்பக்கம் நன்றாக இருக்க, நனையாத அடிப்பக்கம் ஏன் கெடுகிறது? மழை மேல்பக்கத்து உப்பைக் கழுவிவிடும். அடியில் படிந்ததைக் கழுவ யாரும் இல்லை. அதனால் நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது போர்டிகோவின் அடிப்பக்கம், மாடிப்படியின் அடிப்பக்கம், கடலைப் பார்த்த பால்கனியின் அடிப்பக்கம். வீட்டுக்காரர்கள் பெயிண்ட் அடிக்க மறப்பதும் அங்கேதான்.

இதைக் கொத்தனாரிடம் காட்டினால் என்ன செய்வார்? பெயர்ந்ததைத் தட்டிவிட்டு, சிமெண்ட் பால் அடித்து, பூசிவிட்டுப் போய்விடுவார். இரண்டு மழை தாண்டாது. அதிலும் ஒரு வினோதம், அடுத்த வெடிப்பு பூசிய இடத்துக்குப் பக்கத்தில் வரும். பூசிய இடத்தில் புதுக் கலவை கம்பியைக் காக்கிறது. பக்கத்தில் உப்பு ஊறிய பழைய காங்கிரீட் அப்படியே இருக்கிறது, துரு முழுவதும் அங்கே முழு வேகத்தில் நடக்கிறது.

முறையான வேலை இதுதான். டொக் சத்தம் வரும் பகுதி முழுவதையும், கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு வெட்டி எடுக்க வேண்டும். கம்பி பளபளக்கும்வரை துருவைச் சுரண்ட வேண்டும். மெலிந்துபோயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். பிறகு துருத் தடுப்புப் பூச்சு, ஒட்டும் பூச்சு, பாலிமர் கலந்த கலவை. செலவு கூடத்தான். சன்ஷேடு ரொம்பவும் கெட்டிருந்தால் இடித்துவிட்டுப் புதிதாகப் போடுவது மேல் என்பேன். அப்போது ஒன்றைக் கவனியுங்கள், சன்ஷேடைத் தாங்கும் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். காங்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து மிதித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். அன்று பக்கத்திலேயே நில்லுங்கள்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு: இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456:2000, கடலோரக் காற்று நேரடியாகப் படுகிற காங்கிரீட்டுக்கு எம் 30 என்கிற வலுத் தரமும், 45 மில்லிமீட்டர் கவரும், அதாவது கம்பிக்கு வெளியே அதை மூடி நிற்கும் காங்கிரீட் தடிமனும், கேட்கிறது. நம் ஊரில் அதைவிட வலுக் குறைந்த எம் 20 போட்டு, அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுக்கிறார்கள். கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. இங்கே பல போர்வெல்களில் வருகிற தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதை ஊற்றிக் கலந்தால் உப்பைக் கையால் அள்ளி உள்ளே போட்டதற்குச் சமம். புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். நம் பட்ஜெட்டுக்கு நல்ல தண்ணீர் லாரியாவது கட்டுப்படியாகும்.

தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பிய தேவாலயச் சுவர்கள் இன்னும் நிற்கின்றனவே என்று கேட்பார்கள். அது பவளப்பாறைக் கல். உள்ளே கம்பி இல்லை, துருப்பிடிக்கவும் எதுவும் இல்லை. கீழக்கரைப் பக்கம் பழைய சுண்ணாம்புச் சுவர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதன்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே போடுங்கள்.

அப்புறம் மொட்டை மாடி. வாடைக் காற்று தொடங்குவதற்கு முன் தண்ணீர் இறங்கும் குழாய் வாய்களைக் கையை விட்டுத் துழாவுங்கள், கருவேல இலை அடைத்திருக்கும். கசிவு தேடத் தண்ணீர் கட்டி வைப்பதானால் போர்த் தண்ணீர் வேண்டாம். மாடியில் கருவாடு காயப்போடுகிற வீடுகளும் உண்டு. காயப்போடுங்கள், நானும் சாப்பிடுகிறவன்தான். ஆனால் கட்டிலில் வலை கட்டி, கீழே தார்ப்பாய் விரித்துப் போடுங்கள். உப்புத் தண்ணீர் தளத்தில் சொட்டினால் என்ன நடக்கும் என்று இவ்வளவு நேரம் சொல்லியாயிற்று.

சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, அள்ளி வெளியே கொட்டுங்கள். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டுபிடிக்கும்வரை எமல்ஷன் அடிக்க வேண்டாம், கொப்புளம் கொப்புளமாக உரிந்துவிடும்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று: மெயின் பெட்டியில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச், இருக்கும், அதில் டெஸ்ட் என்று ஒரு பட்டன். மாதம் ஒரு முறை அமுக்குங்கள். கரண்ட் போகவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று அந்தப் பட்டன் சொல்லாது, அதைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். வெளிச்சுவரில் இருக்கும் பெட்டியில் எர்த் கம்பி இறுக்கிய போல்ட்டு துருப்பிடித்து உதிர்ந்து கிடப்பது சாதாரணம்.

கிரில்லுக்கு எந்தப் பெயிண்ட் நல்லது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பெயிண்ட் அப்புறம். கிரில் ஜன்னல் திட்டில் புதைகிற அடி மூலையை முதலில் பாருங்கள், அங்கேதான் தண்ணீர் தேங்கித் துருப்பிடித்துத் திட்டையே பிளக்கும். அந்த இடத்தைச் சுரண்டி, பிரைமர் அடித்து, இடைவெளியை அடைத்துவிடுங்கள். பிறகு வாரத்துக்கு ஒரு நாள் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். சன்ஷேடுக்குக் கீழே இருப்பதால் அதையும் மழை கழுவாது.