வீரர் பக்கம் நிற்பதும் போரைக் கேள்வி கேட்பதும்

நேயர்களுக்கு வணக்கம்.

2005 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிராஃபோர்டு என்றொரு சின்ன ஊர். அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் பண்ணை வீடு அங்கேதான் இருந்தது. விடுமுறைக்கு அவர் வந்திருந்த நேரம். பண்ணைக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு தாய் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பெயர் சிண்டி ஷீஹன். மகன் கேஸி முந்தைய ஆண்டு ஏப்ரலில் பாக்தாத்தின் சதர் சிட்டி பகுதியில் கொல்லப்பட்டவர். "என் மகன் எந்த உயர்ந்த நோக்கத்துக்காகச் செத்தான்? அதிபர் என்னிடம் நேரில் சொல்லட்டும்." அவர் கேட்டது இவ்வளவுதான். நாளாக நாளாகக் கூட்டம் சேர்ந்தது. இராக்கில் இறந்த வீரர்களின் பெயர் எழுதிய வெள்ளைச் சிலுவைகளைச் சாலையோரம் வரிசையாக நட்டார்கள்.

அந்த ஊருக்கு ஒரு தகப்பனும் வந்தார். அவருடைய பிள்ளையும் இராக்கில் இறந்தவர்தான். வரிசையில் தேடி, தன் மகன் பெயர் இருந்த சிலுவையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனார். இந்தப் போரை எதிர்க்கிறவர்கள் என் மகன் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் நிலை.

இந்த இரண்டு பேரில் வீரன் பக்கம் நின்றவர் யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் அமெரிக்கா முழுக்க அதைத்தான் கேட்டார்கள். தொலைக்காட்சியில் கேட்டார்கள், நாடாளுமன்றத்தில் கேட்டார்கள், சாப்பாட்டு மேஜையில் அண்ணன் தம்பிகள் கேட்டுக்கொண்டார்கள். போரை எதிர்த்தால் வீரனைக் கைவிட்டதாக அர்த்தமா, இல்லையா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படையில் சேர்ந்தவனுக்கு எந்தப் போருக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். "இது தேவையா?" என்று அவன் தன் அதிகாரியிடம் கேட்க முடியாது. ராணுவம் அப்படித்தான் இயங்கும், இயங்கவும் வேண்டும். அப்படியென்றால் அந்தக் கேள்வியை வேறு யாராவது கேட்டாக வேண்டும். ஊரில் இருக்கும் நாம்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்பது வீரனுக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்றே நான் நினைக்கிறேன்.

இது ஏதோ வியட்நாம் காலத்தில் முளைத்த சண்டை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1846இல் அமெரிக்கா மெக்சிகோவோடு போருக்குப் போனது. அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தப்பட்டுவிட்டது என்று அதிபர் போல்க் காரணம் சொன்னார். 1847 டிசம்பரில், அப்போதுதான் பிரதிநிதிகள் சபைக்கு வந்திருந்த ஓர் உறுப்பினர் எழுந்து, ரத்தம் சிந்திய அந்த இடம் எது, அது உண்மையில் நம் மண்தானா, காட்டுங்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவர்தான் ஆபிரகாம் லிங்கன். அதற்காக அவருக்குக் கேலிப் பெயர் வைத்தார்கள், எதிரிக்குத் துணை போகிறார் என்றார்கள். ஆனால் அதே லிங்கன் படைக்கு வேண்டிய செலவுக்கெல்லாம் ஆதரவாகவே வாக்களித்தார். 1848 ஜூலையில் சபையில் பேசியபோது அவர் ஒன்றை நினைவுபடுத்தினார். அந்தப் போரைத் தீவிரமாக எதிர்த்த தலைவர்கள் ஹென்றி கிளேயும் டேனியல் வெப்ஸ்டரும். அவர்கள் ஆளுக்கொரு மகனை அதே போரில் பறிகொடுத்திருந்தார்கள். இவர்களைப் பார்த்து உனக்கு வீரர்கள்மேல் அக்கறை இல்லை என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

சரி, இராக் போருக்கு வருவோம். 2003 மார்ச் 20 அன்று படையெடுப்பு தொடங்கியது. மறுநாளே பிரதிநிதிகள் சபையில் ஒரு தீர்மானம் வந்தது. வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் ஆதரவு தெரிவிக்கும் தீர்மானம். யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அதிபரின் உறுதியான தலைமைக்குப் பாராட்டும் அதே தீர்மானத்துக்குள் இருந்தது. இரண்டையும் பிரித்து வாக்களிக்க வழியில்லை. 392 பேர் ஆதரித்தார்கள், 11 பேர் எதிர்த்தார்கள், 22 பேர் எந்தப் பக்கமும் சேராமல் வந்திருக்கிறோம் என்று மட்டும் பதிவு செய்தார்கள். அந்த 22 பேரின் சங்கடம் எனக்கு நன்றாகப் புரிகிறது. வீரனுக்கு ஆதரவாகக் கை தூக்கினால் அதிபரின் முடிவுக்கும் கை தூக்கியதாக ஆகிவிடும். வீரனை முன்னால் நிறுத்திப் பின்னால் கொள்கை ஒளிந்துகொள்ளும் வித்தை இதுதான். இது நேர்மையான அரசியல் இல்லை.

அதே வாரத்தில் லண்டனில் இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி. பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரின் அமைச்சரவையிலிருந்து ராபின் குக் பதவி விலகி, மார்ச் 17 இரவு நாடாளுமன்ற மக்கள் சபையில் பேசினார். போரை ஆதரிப்பவர்கள் மட்டும்தான் படையை ஆதரிக்கிறார்கள் என்பது பொய் வாதம். வீரர்களை ஆபத்தில் தள்ளாத மாற்று வழியைத் தேடிக்கொண்டே அவர்களை ஆதரிப்பது முழுக்க நியாயமானது என்றார். அவர் பேசி முடித்ததும் கைதட்டல் எழுந்தது. கைதட்டும் வழக்கமே இல்லாத சபை அது. போர் என்னவோ நிற்கவில்லை.

வானொலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. படையெடுப்புக்குப் பத்து நாள் முன்பு, டெக்சாஸைச் சேர்ந்த டிக்ஸி சிக்ஸ் என்ற மூன்று பெண்கள் கொண்ட இசைக்குழு லண்டன் மேடையில் பாடியது. அதன் முதன்மைப் பாடகி நடாலி மெயின்ஸ், இந்தப் போர் எங்களுக்கு வேண்டாம், அதிபர் டெக்சாஸ்காரர் என்பதில் எங்களுக்கு வெட்கம் என்ற பொருள்பட ஒரு வரி பேசினார். செய்தி அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் நிலையம் நிலையமாக அவர்கள் பாட்டை நிறுத்தினார்கள். லூசியானாவில் அவர்களுடைய இசைத்தட்டுகளைத் தரையில் கொட்டி டிராக்டரை ஏற்றினார்கள். அப்போது நாட்டுப்புற இசை வரிசையில் முதலிடத்தில் இருந்த அவர்களுடைய பாட்டு எதைப் பற்றியது தெரியுமா? வியட்நாமுக்குப் போய்த் திரும்பாத ஒரு இளம் சிப்பாயைப் பற்றியது. அவன் எழுதிய கடிதங்களுக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணைப் பற்றியது. வீரர்களின் மரியாதையைக் காப்பதாகச் சொல்லித்தான் அந்தப் பாட்டை நிறுத்தினார்கள். அதைச் செய்தவர்கள் என்னைப்போல ஒலிவாங்கி முன் உட்கார்ந்தவர்கள் என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஊரில் ஊர்வலம் நடந்தால் எதிரிக்குத் தெம்பு வரும், களத்தில் நிற்பவன் மனம் தளரும் என்கிறார்கள். கணவனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுக் கைப்பேசி அடித்தாலே பதறும் ஒரு பெண்ணுக்கு, "இது அநியாயப் போர்" என்ற கோஷம் எப்படிக் கேட்கும் என்று யோசித்துத்தான் பேச வேண்டும். ஆனால் களத்தில் நிற்பவன் ஒன்றும் தெரியாதவன் இல்லை. 2006 தொடக்கத்தில் இராக்கில் இருந்த அமெரிக்க வீரர்களிடையே நடந்த ஒரு கருத்துக்கணிப்பில் 72 சதவீதம் பேர், ஓராண்டுக்குள் வெளியேறிவிட வேண்டும் என்றார்கள். 2007 ஆகஸ்டில் 82ஆவது வான்குடைப் படைப்பிரிவைச் சேர்ந்த ஏழு வீரர்கள், பாக்தாத்திலிருந்தபடியே நியூயார்க் டைம்ஸுக்கு ஒரு கட்டுரை எழுதினார்கள். நாம் இங்கே வென்று வருகிறோம் என்று வாஷிங்டனில் பேசுவது தாங்கள் கண்ணால் பார்ப்பதோடு ஒட்டவில்லை என்று எழுதினார்கள். கட்டுரை தயாராகிக்கொண்டிருந்தபோதே அவர்களில் ஒருவர் தலையில் குண்டடிபட்டார். கட்டுரையின் கடைசியில், கொடுத்த வேலையை முடித்தே தீருவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். செப்டம்பர் 10 அன்று பாக்தாத்தில் அவர்கள் போன வண்டி கவிழ்ந்து எழுவரில் இருவர் இறந்துபோனார்கள். கேள்வியும் கடமையும் அந்த ஏழு பேரிடம் சேர்ந்தே இருந்தன. அவர்களுக்கு முடிந்தது ஊரில் இருப்பவர்களுக்கு ஏன் முடியவில்லை?

வியட்நாம் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. திரும்பி வந்தவர்கள் மீது எச்சில் துப்பினார்கள் என்ற பேச்சு நெடுநாளாக இருக்கிறது. எந்த அளவுக்கு நடந்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் வந்தவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதில் சண்டை இல்லை. போர் எதிர்ப்பாளர்களில் சிலர் முடிவெடுத்தவர்கள் மீதிருந்த கோபத்தை அனுப்பப்பட்டவர்கள் மீது காட்டினார்கள். அது பெரிய தவறு. 1982இல் வாஷிங்டனில் கருங்கல் சுவர் எழுப்பி அந்தப் போரில் இறந்த, காணாமல் போன ஏறத்தாழ 58,000 பேரின் பெயர்களைச் செதுக்கினார்கள். அந்தப் போர் சரியா தவறா என்று அந்தச் சுவரில் ஒரு வரி கூடக் கிடையாது. அதனால்தான் இரண்டு தரப்பும் அங்கே வந்து நிற்க முடிகிறது.

அப்புறம், ஆதரவு என்றால் என்ன? இராக் போர்க் காலத்தில் கார்களின் பின்புறம் மஞ்சள் ரிப்பன் வடிவக் காந்த ஸ்டிக்கர் ஒட்டாத தெருவே அமெரிக்காவில் இல்லை. 'நம் படையை ஆதரிப்போம்' என்று எழுதியிருக்கும். அதே சமயம், 2004 டிசம்பரில் குவைத் முகாமில் என்ன நடந்தது என்று பாருங்கள். பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டு வீரர்களைப் பார்க்க வந்திருந்தார். இராக்குக்குள் போகக் காத்திருந்த ஒரு வீரர் எழுந்து கேட்டார்: எங்கள் வண்டிகளுக்குக் கவசம் பூட்ட நாங்கள் ஏன் குப்பைமேட்டில் துருப்பிடித்த இரும்பையும் உடைந்த கண்ணாடியையும் தேடிப் பொறுக்க வேண்டியிருக்கிறது? சுற்றி இருந்த வீரர்கள் ஆரவாரம் செய்தார்கள். இருக்கிற படையோடுதான் போருக்குப் போக வேண்டும், ஆசைப்படுகிற படையோடு அல்ல என்பது அமைச்சரின் பதில். ஒரு பத்திரிகையாளர் அந்தக் கேள்வியைத் தயாரிக்க உதவினார் என்று பின்னால் தெரியவந்ததும், விவாதம் அந்தப் பத்திரிகையாளரைச் சுற்றியே ஓடியது. கவசத் தகடு எங்கே என்பது பின்னுக்குப் போய்விட்டது.

2007 பிப்ரவரியில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை பற்றி வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. கை கால் இழந்து, தலையில் அடிபட்டு வந்தவர்களைத் தங்க வைத்திருந்த 18ஆம் எண் கட்டடத்தில் சுவரெல்லாம் பூஞ்சை, எலிப் புழுக்கை, கரப்பான்பூச்சி. மூளையில் காயம்பட்டவர்களை ஒரு படிவத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலையவிட்டிருந்தார்கள். வெள்ளை மாளிகையிலிருந்து அந்த இடம் சில மைல் தூரம்தான். ராணுவத் துறைச் செயலர் பதவி விலக வேண்டியதாயிற்று. இதை வெளியே கொண்டுவந்தது கேள்வி கேட்ட பத்திரிகை. கேள்வி கேட்டால் வீரன் மனம் தளர்வான் என்பவர்கள், அந்தக் கட்டடத்தில் படுத்திருந்தவர்களிடம் போய் இதைச் சொல்லியிருக்க முடியுமா?

கட்டாய ராணுவச் சேவை 1973இல் முடிந்ததிலிருந்து, அமெரிக்காவில் நூற்றுக்கு ஒருவர் கூடச் சீருடையில் இல்லை. மற்ற வீடுகளுக்குப் போர் என்பது செய்தி மட்டுமே. தன் பிள்ளை போகாத போருக்கு ஆதரவு சொல்வது சுலபம். தன் பிள்ளை போகாத போரை எதிர்ப்பதும் அதே அளவு சுலபம்தான். 'வீரனை ஆதரிக்கிறேன், போரை எதிர்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு, அவன் திரும்பி வந்தபின் எட்டிப் பார்க்காதவர்களும் உண்டு. அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. வீரனை ஆதரிப்பது, அவன் செய்ததையெல்லாம் மூடி மறைப்பது ஆகாது. 1968 மார்ச் 16, வியட்நாமில் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் ஊர்மக்களைச் சுட்டுக்கொன்றுகொண்டிருந்தபோது, ஹியூ தாம்சன் என்ற ஹெலிகாப்டர் விமானி தன் படைக்கும் மக்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கி உயிர்களைக் காப்பாற்றினார். அவரும் சீருடை போட்டவர்தான். பல ஆண்டுகள் அவரைத் துரோகி என்றார்கள். அந்தச் செயலுக்காக ராணுவம் அவருக்குப் பதக்கம் கொடுத்தது 1998இல். அதைவிடவும் எனக்கு உறுத்துவது, வீரர்களை ஆதரிக்கிறோமா இல்லையா என்ற சண்டையில் இராக் மக்களைப் பற்றிப் பேச இடமே இல்லாமல் போனது. அமெரிக்கத் தரப்பில் ஏறத்தாழ 4,500 வீரர்கள் இறந்தார்கள். இராக்கில் இறந்த பொதுமக்கள் லட்சத்துக்கு மேல். அவர்களுக்கு எந்தக் காரிலும் ரிப்பன் ஒட்டவில்லை.

பிரிட்டனில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இராக்கில் பிரிட்டிஷ் வீரர்கள் ரோந்து போன 'ஸ்னாட்ச்' லேண்ட் ரோவர் வண்டிகள் சாலையோர வெடிகுண்டுகளைத் தாங்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் கேள்வி கேட்டன, நீதிமன்றம் போயின. போர் முடிவுகளில் தலையிட முடியாது என்று அரசு வாதாடியது. வழக்குத் தொடுக்க அந்தக் குடும்பங்களுக்கு உரிமை உண்டு என்று 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிட்டன் இராக் போரில் இறங்கியது பற்றி ஆராய்ந்த சில்காட் விசாரணையின் அறிக்கை 2016 ஜூலையில் வந்தது, அதில் இரண்டும் இருந்தன. அமைதி வழிகளை முழுதாக முயன்று பார்க்காமலே போருக்குப் போனார்கள் என்றும் இருந்தது, பாதுகாப்பான வண்டிகள் தருவதில் நடந்த தாமதத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கவே கூடாது என்றும் இருந்தது. 2005இல் அப்படியொரு வண்டியில் மகனை இழந்த ஒரு தாய்க்கு, 2017இல் பாதுகாப்பு அமைச்சர் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் அனுப்பினார். அந்தப் பன்னிரண்டு ஆண்டும் அந்த அம்மா கேட்பதை நிறுத்தவில்லை.

நன்றி. வணக்கம்.