நால்வர் சுமந்த படுக்கை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியினரே, பெங்களூருவின் பல மூலைகளிலிருந்தும் இந்தப் பங்குத் திருவிழாவுக்கு வந்திருக்கும் தமிழ் உறவுகளே, அனைவருக்கும் வணக்கம். அன்றாட வாழ்வின் சவால்களைச் சந்திக்கக் கிறிஸ்தவருக்குப் பெரிதும் துணை நிற்பது தனிச் செபமா, இறைமக்களின் கூட்டுறவா என்ற கேள்விக்கு, கூட்டுறவே என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

எதிரணிச் சகோதரி, அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டு வேண்டுங்கள் என்ற ஆண்டவரின் போதனையை எடுத்துக்காட்டினார். அந்தப் போதனை எனக்கும் உயிரானது. ஆனால் பிறர் பார்க்க வேண்டும் என்று தெருமுனைகளில் நின்று செபித்தவர்களை மனத்தில் வைத்து அவர் அதைச் சொன்னார். துன்பத்தைத் தனியாகவே சுமக்க வேண்டும் என்று அதில் இல்லை. கெத்சமனியில் மரண வேதனை சூழ்ந்தபோது, பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் உடன் அழைத்துச் சென்று, தம்மோடு விழித்திருக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். இறைமகனே துணை தேடினார் என்றால், நாம் எம்மாத்திரம்?

மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் படுக்கையோடு சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் வாசலை நெருங்க முடியாமல், கூரையைப் பிரித்து அவரை இயேசுவின் முன் இறக்குகிறார்கள். இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவர் வேண்டினாரா, வேண்டும் நிலையில்தான் இருந்தாரா என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நெடுநாள் நோயில் கிடந்தவர்களும் அவர்களுக்குப் பணிவிடை செய்தவர்களும் அறிவார்கள்: வாய் திறந்து செபிக்கவே மனம் எழாத நாள்கள் உண்டு. தனிச் செபம் ஒன்றையே நம்பியிருப்பவர் அத்தகைய நாளில் யாரைப் பற்றிக்கொள்வார் என்பதற்கு எதிரணி விடை தர வேண்டும்.

வாடகை வீட்டுக்குப் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் ஊர் இது. அந்தப் பணம் புரளாமல் தவிக்கும் குடும்பமும், இரவுப் பணி முடித்து வரும் மகளுக்காகக் கண்விழித்திருக்கும் தாயும், தருமபுரியிலிருந்து வேலை தேடி வந்து கன்னடம் தெரியாமல் மருத்துவமனை வரிசையில் திகைத்து நிற்பவரும், பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் நம் அன்பியக் கூட்டத்தில் அருகருகே அமர்கிறார்கள். செபமாலை முடிந்தபின் ஒருவர் தயங்கித் தயங்கித் தம் நிலைமையைச் சொல்ல, ஒருவர் தமக்குத் தெரிந்த வீட்டுக்காரரிடம் பேசுகிறார். மொழி தெரிந்த இன்னொருவர் மறுநாள் மருத்துவமனைக்குத் துணையாகப் போகிறார். 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளின் வீடு தேடிச் செல்வதையே தன் அடிப்படைப் பணியாகக் கொண்டது. இறைவேண்டலில் பிறந்து, பிறர் வீட்டுப் படியேறிய நம்பிக்கை அது.

சிறையிலிருந்த பவுலடியாரும், துரோவாவில் விட்டுவந்த போர்வையை எடுத்துக்கொண்டு குளிர்காலத்துக்கு முன் வந்துவிடும்படி திமொத்தேயுவுக்கு எழுதினார். அத்தனை ஆழமாகச் செபித்தவருக்கும் குளிருக்குப் போர்வை தேவைப்பட்டது. அதைக் கொண்டுவர ஒரு நண்பர் தேவைப்பட்டார்.

கூட்டத்தில் சொன்ன துயரம் மறுநாள் ஊர்ப்பேச்சாகிவிடும் என்றும் எதிரணியினர் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. நம்மைச் சேர்ந்தவர்களாலேயே புண்பட்டவர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். எருசலேமின் முதல் சபையிலும் குறை இருந்தது. அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டதைத் திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரம் மறைக்கவில்லை. திருத்தூதர்கள் அவர்களை வீட்டுக்குப் போய்த் தனியாகச் செபிக்கச் சொல்லவில்லை. சபையைக் கூட்டினார்கள், பந்தியைக் கவனிக்க ஸ்தேவான் உள்ளிட்ட எழுவரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே.