விளக்கு வைக்கிற நேரத்து அழுகை

வணக்கம். கடலூர் பக்கத்துக் கிராமங்களில் 25 வருடம் சுகாதார செவிலியராக அலைந்தவள் நான். கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: பகலெல்லாம் சமர்த்தாக இருக்கிற பிள்ளை, விளக்கு வைக்கிற நேரமானால் ஏன் வீல் வீலென்று கத்துகிறது?

உடனே யாராவது "பால் பத்தலை" என்பார்கள், பவுடர் பால் டப்பா வீட்டுக்குள் வந்துவிடும். அவசரப்படாதீர்கள். நாளைக்கு 6 தடவைக்கு மேல் ஒன்றுக்குப் போகிறது, எடையும் ஏறுகிறது என்றால் பால் போதும். பிறந்து 2 வாரத்தில் தொடங்கும் இந்தச் சாயங்கால அழுகை 6 வாரத்தில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தானே அடங்கும். வசம்பும் வேண்டாம், கிரைப் வாட்டரும் வேண்டாம்.

அந்த நேரத்தில் நம் வீடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ட்யூப் லைட் வெளிச்சம், டிவியில் சீரியல், அடுப்பில் குக்கர் விசில், சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா ஆசையாகத் தூக்க, அப்புறம் அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று கை மாறிக்கொண்டே இருக்கும், பிள்ளையோ களைத்துப் போயிருக்கும். 2 மாதக் குழந்தையால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்க முடியாது. கொட்டாவி விடும், கண்ணைக் கசக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போதே படுக்க வைத்துவிட வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் களைப்பு முற்றி, தூங்கவே முடியாமல் அழும்.

அதனால் ஆறரை மணிக்கே ஒரு அறையில் சின்ன விளக்கை மட்டும் போடுங்கள். உடம்பை ஈரத்துணியால் துடைத்து, பால் கொடுத்து, ஏப்பம் எடுத்து, தாலாட்டு. தினமும் இதே வரிசை. பாட்டி "ஆராரோ" என்று இழுத்தாலே போதும், ராகம் சரியாக வர வேண்டியதில்லை. சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் குழந்தை மூச்சுக்கு ஆகாது, கொசுவலை கட்டுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் குல்லாய், ஸ்வெட்டர் எதற்கு? ஜன்னலைத் திறந்து வையுங்கள், கடல் காற்று வரட்டும்.

தூளியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் பக்கத்திலிருந்து ஆட்டுகிற வரை சரி. ஆனால் புடவைக்குள் பிள்ளை சுருண்டு, மோவாய் நெஞ்சில் பதிந்தால் மூச்சு அடைபடும். தூங்கினதும் ஒரு பத்து நிமிடம் பொறுங்கள், கையைத் தூக்கி விட்டால் தொய்ந்து விழும், அப்போது எடுத்துச் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

3 மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், பச்சையாக வாந்தி, பால் குடிக்க மறுப்பது, இவற்றில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.

என்ன செய்தும் அழுகை நிற்கவில்லை, உங்களுக்கே ஆத்திரமும் அழுகையும் முட்டுகிறதா? பிள்ளையை ஒருபோதும் உலுக்காதீர்கள், மூளையில் ரத்தம் கசியும். பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வாசலில் போய் நில்லுங்கள். வீட்டில் இருக்கிற அப்பாக்களே, மாமியார்களே, அந்த ஐந்து நிமிடம் பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.