பதக்கத்துக்கு மேலே இருந்தவை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரின் வாழ்வை நினைவுகூரும்போது முன்னால் வந்து நிற்பது களமா, வீடா என்பது இன்றைய கேள்வி. 'களமே' என்று முழங்கிவிட்டு எதிரணித் தலைவர் அமர்ந்திருக்கிறார். அவர் முழங்கிய முழக்கத்தில், முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த இருவர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"அவரைக் கண்டு அஞ்சாத பகைவர் உண்டா?" என்று கேட்டார். என் அப்பா 17 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தவர். பகைவர் அஞ்சினார்களா என்பது எனக்குத் தெரியாது. நான் அஞ்சினேன். நான் பிறந்து 11 மாதம் கழித்து விடுப்பில் வந்தவர் என்னைத் தூக்கியதும், வீடே அதிரும்படி அலறினேனாம். துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர், அந்த அலறலை மட்டும் சாகும்வரை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பதக்கத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பீர்கள்?" என்றும் கேட்டார்கள். ஒளிக்கவில்லை ஐயா. அப்பா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். பதக்கம் இருந்தது, அடியில். அதற்கு மேலே எங்கள் மூவரின் தடுப்பூசி அட்டைகள், தங்கையின் ஒன்றாம் வகுப்பு மதிப்பெண் அட்டை, அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்கு எழுதிக்கொடுத்த சீட்டு. எதை எதற்கு மேல் வைப்பது என்பதில் ராணுவத்தில் இருந்தவர் தவறு செய்வாரா?

சரி, களத்துக்கே வருகிறேன். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் வீரர்களுக்கு ஓர் அஞ்சலட்டை கொடுத்தது. 'நான் நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்' என்று வரிகளை அச்சடித்தே கொடுத்துவிடுவார்கள். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். வேறு எதையாவது சேர்த்து எழுதினால் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். சொந்தமாக ஒரு சொல்லுக்கும் இடமில்லாத அந்த அட்டையையும் வீட்டுக்கு அனுப்பினார்களே, எதற்கு? அடிக்காமல் விட்ட அந்த ஒரு வரிக்காக ஒருத்தி வாசலில் நிற்பாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதே போரில் இறந்தவர்களுக்குக் கல் நட்டார்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றை அதற்கென்றே அமைத்த போர்க் கல்லறை ஆணையம் பொறித்தது. அடியில் கொஞ்சம் இடத்தைக் குடும்பத்துக்கு விட்டது. 66 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. களத்திலேயே உயிரை விட்டவரின் கல்லில்கூட, கடைசி வரியை எழுதும் உரிமை வீட்டுக்குத்தான் போயிற்று என்பதை எதிரணியினர் குறித்துக்கொள்ள வேண்டும்.

களம் அப்பாவுக்கு ஒன்றுமே தரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆள் எண்ணிக்கை எடுக்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். ரயில் ஏறினால் எண்ணுவார். கல்யாண வீட்டில் பந்தியில் எண்ணுவார்; எங்களுக்கு மானம் போகும். இரவு கதவைத் தாழிடும் முன், "எல்லாரும் வந்துவிட்டார்களா?" என்று கேட்பார். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு ஊராகப் போன பிறகும் கேட்டார். "நாம் இரண்டு பேர்தானே இருக்கிறோம்" என்பார் அம்மா. "தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தாழிடுவார். மறுநாள் இரவும் கேட்பார்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். எனக்கும் அந்த 66 எழுத்துக்கு இடம் தந்தால், அப்பா கேட்ட அந்தக் கேள்வியைத்தான் பொறிக்கச் சொல்வேன். மிச்ச இடம் காலியாகக் கிடக்கட்டும். வணக்கம்.