1870 என்ற சுவர்

நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் முன்னோரைத் தேடத் தொடங்கினால், பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்கிறார்கள். அதற்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் '1870 சுவர்'. அடிமைகளாக இருந்த பெரும்பான்மை மக்கள் சென்சஸில் முதன்முதலாகப் பெயரோடு பதிவானது அந்த ஆண்டில்தான். அதற்கு முன் 1850-லும் 1860-லும் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. அதில் பெயர் உடைமையாளருடையது. அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ன என்ற விவரம் மட்டும். '30, பெண், கறுப்பு.' 1860-ல் இப்படி எண்ணப்பட்டவர்கள் ஏறக்குறைய 40 லட்சம் பேர்.

சரி, சுவரை எப்படித் தாண்டுவது? சங்கடமான பதில்தான். உங்கள் பாட்டனைக் கண்டுபிடிக்க, அவரை வைத்திருந்தவனின் குடும்ப வரலாற்றை நீங்கள் படித்தாக வேண்டும். சட்டம் மனிதரைச் சொத்து என்றது. சொத்து என்றால் பத்திரம் இருக்கும். உயில், கிரயம், அடமானம், பாகப்பிரிவினை. உடைமையாளன் செத்தால் நீதிமன்றத்துக்காக வீட்டில் உள்ளதையெல்லாம் மதிப்புப் போட்டு எழுதுவார்கள். குதிரை, கலப்பை, கட்டில். அப்புறம் ஒரு பெண்ணின் பெயர், அவள் கைக்குழந்தையின் பெயர், எதிரே டாலர் கணக்கு. தேடுகிறவர்களுக்குச் சில நேரம் கிடைப்பது அந்த ஒரு வரிதான்.

குடும்பப் பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். விடுதலையானவர்கள் எல்லோரும் கடைசி உடைமையாளனின் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. பழைய உடைமையாளன் ஒருவனின் பெயர், தந்தையின் பெயர், தாங்களே தேர்ந்தெடுத்த பெயர் என்று பலவிதம்.

எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் ராணுவ ஓய்வூதியக் கோப்பு. அடிமைமுறைக்கு முடிவு கட்டிய உள்நாட்டுப் போரில் (1861-65) வடக்கு மாநிலங்களின் படையில் சுமார் 1,79,000 கறுப்பினத்தவர் சேர்ந்தார்கள். வீரன் இறந்தபின் மனைவி ஓய்வூதியம் கேட்டால், திருமணத்தை நிரூபிக்க வேண்டும். அடிமைகளின் திருமணத்தைச் சட்டமே ஏற்கவில்லை. சான்றிதழுக்கு எங்கே போவாள்? அதனால் உடன் வாழ்ந்தவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். யாருடைய பண்ணையில் இருந்தார்கள், மணம் செய்துவைத்தது யார், எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது. சிலருக்குப் பழைய உடைமையாளனின் வீட்டாரே சாட்சி சொன்னதும் உண்டு. வேறெங்கும் எழுதப்படாத ஒரு வாழ்க்கை, விதவையின் பணத்தை இழுத்தடித்த அதிகாரிகளின் சந்தேகத்தால் எழுத்தில் ஏறியது.

விடுதலையானவர்களின் சேமிப்புக்கென்று 1865-ல் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். 1874-ல் அது மூடப்பட்டது, ஏழைகளின் பணம் போயிற்று. ஆனால் கணக்குத் தொடங்கும்போது ஆளை அடையாளம் காண்பதற்காகப் பெற்றோர், உடன்பிறந்தோர், பிறந்த ஊர் எல்லாம் கேட்டு எழுதினார்கள். தொடக்ககாலப் படிவங்களில் பழைய எஜமானின் பெயரும் உண்டு. அந்தப் பேரேடுகள் பல இன்றும் இருக்கின்றன.

இந்தத் தேடலை நாம் கண்டுபிடித்தோம் என்று நினைக்க வேண்டாம். போர் முடிந்த கையோடு தாயும் பிள்ளைகளும் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். பிரசங்க மேடையில் வாசிக்கும்படி பாதிரிமார்களைக் கேட்டுக்கொண்டார்கள். 1900-க்குப் பிறகும் அவை வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஆளின் அடையாளமாக என்ன இருக்கும் தெரியுமா? என் அம்மா இன்னாருக்குச் சொந்தமாக இருந்தாள், இன்னார் விற்றார், இன்னார் வாங்கினார், கடைசியாகப் பார்த்தது இன்ன ஊரில். பெற்ற தாயைத் தேடுவதற்கு அவர்கள் கையில் இருந்த முகவரி அவளை வாங்கி விற்றவர்களின் பெயர்தான்.